பன்னிரண்டு வாரம்

செல்வராணிக்கு மே மாதம் ஒன்பதாம் தேதி கொரோனா வந்தது. வந்தபோது உட்கார்ந்து அழுதாள். போன பிறகு அவள் முகத்தில் கல்யாணக் களை வந்துவிட்டது. கேட்பவர்களுக்குக் கிறுக்குத்தனமாகப் படும். ஆனால் இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் வருஷம், பூமியின் தென்கோடியில் மே மாதம் தொடங்கும் குளிர்காலத்தில், குவேக்கர்ஸ் ஹில்லில் அந்த ஒரு வீட்டில் நடந்தது அதுதான்.

அழுததற்குக் காரணம் உண்டு. அவள் புருஷன் தனபாலனுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு மூன்று வருஷம். திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்தில் மூன்று நாள், மத்தியானத்துக்கு மேல் ஒரு தடவைக்கு ஐந்து மணி நேரம், சாய்வு நாற்காலியில் கிடந்து ரத்தத்தை மெஷினுக்குக் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார். ரயில்வேயில் சிக்னல் பொறியாளராக இருபத்தெட்டு வருஷம் ஓடியாடிய மனிதர். இப்போது நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு மேல் குடிக்கக் கூடாது. கஞ்சி, ரசம், டீ எல்லாம் அந்த ஒரு லிட்டருக்குள்தான். தன்னுடைய சிறுநீரகத்தில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னாள் செல்வராணி. சொந்த ஊரான தெலுக் இந்தானில் இவர்களுக்குக் கல்யாணம் பேசியபோது பத்துக்கு நாலு பொருத்தம்தான் என்று ஜோசியர் உதட்டைப் பிதுக்கினார். முப்பத்து மூன்று வருஷம் கழித்து வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்தபோது ரத்தம், திசு என்று எல்லாமே பொருந்தி வந்தது.

"அந்த ஜோசியரத் தேடிப் புடிச்சி இந்த ரிப்போர்ட்டக் காட்டணும் லா" என்று, பிறந்த ஊர் வழக்கப்படி கடைசியில் ஒரு 'லா' போட்டு, பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார் தனபாலன்.

மே பதினெட்டாம் தேதி ஆப்பரேஷன் என்று நாள் குறித்தார்கள். ஒன்பது நாள் மிச்சமிருக்கும்போது இவளுக்குச் சளி பிடித்தது. வேலை பார்ப்பது சைல்ட்கேரில். எழுபது பிள்ளைகளுக்கு அவள்தான் மத்தியானச் சமையல். மூக்கைத் துடைத்துவிடுவது அவள் வேலையில்லை. ஆனாலும் பாஸ்தா வாசனை பிடித்து வந்து முழங்காலைக் கட்டிக்கொள்ளும் பிள்ளைகளை எந்தச் சமையல்காரி தள்ளிவிடுவாள்? பரிசோதனைக் குச்சியில் இரண்டு கோடு விழுந்தது. நாள் தள்ளிப்போனது.

வீட்டுக்குப் பின்னால் ஒரு கிரானி ஃப்ளாட் உண்டு. முன்பெல்லாம் படிக்கும் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டிருந்த ஒற்றை அறை வீடு. அதில் பத்து நாள் அடைந்து கிடந்தாள். தனபாலனுக்கு ஒட்டவில்லை, தப்பித்தார். பதினோராம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து யோகா கூப்பிட்டாள். தானம் கொடுப்பவர்களையும் வாங்குபவர்களையும் ஒருங்கிணைக்கும் நர்ஸ் அவள், யாழ்ப்பாணத்துப் பெண்.

"அன்ரி, புது டேற் ஜூலை இருபத்தொண்டு. இனிக் கொஞ்சம் நிம்மதியா இருங்கோ. பன்னிரண்டு கிழமைக்குத் திருப்பி டெஸ்ட் எடுக்கத் தேவையில்லை எண்டுதான் இப்ப கவர்மெண்ட் சொல்லுது."

பன்னிரண்டு வாரத்துக்கு டெஸ்ட் எடுக்கத் தேவையில்லை என்றுதான் யோகா சொன்னாள். செல்வராணிக்கு அது வேறு மாதிரி போய்ச் சேர்ந்தது. அவளுக்கு ஒன்பது வயதில் அம்மை போட்டிருந்தது. அதற்குப் பிறகு அவர்கள் தோட்டத்து லைன் வரிசையில் எந்த வீட்டில் அம்மை கண்டாலும் வேப்பிலை விசிறவும் கஞ்சி ஊட்டவும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஒருமுறை வந்து இறங்கியவர்களை அம்மன் மறுபடி தொடமாட்டாள். அவர்கள் எந்தக் கட்டிலிலும் உட்காரலாம், எந்தத் தலையையும் மடியில் வைத்துக்கொள்ளலாம். ஐம்பத்தைந்து வயது வரை அந்த நம்பிக்கைக்கு ஒரு பழுதும் வந்ததில்லை. வாட்ஸாப்பிலும் அதையேதான் சொன்னார்கள்: வந்து போனவர்களுக்கு மூன்று மாசம் தொல்லையில்லை. அதனால் அவள் முறைப்படி தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். பெண்டில் ஹில் கடையில் வேப்பிலை கிடைக்கவில்லை. மஞ்சள் தூளை மட்டும் வாளியில் கரைத்து ஊற்றினாள். கிரானி ஃப்ளாட் குளியலறைச் சுவர் மஞ்சளானதுதான் மிச்சம்.

ஈரத்தலையோடு வீட்டுக்குள் வந்தவள் முகக்கவசத்தைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். ஆகஸ்ட் ஒன்று வரைக்கும் பன்னிரண்டு வாரம். அதுவரை அவளால் அவருக்கு ஒன்றும் வராது. அப்படித்தான் நினைத்தாள்.

இதன் அருமை தெரியவேண்டுமானால் அதற்கு முந்தைய இரண்டு வருஷத்தைப் பார்க்கவேண்டும். அவள் வேலைவிட்டு வந்து கராஜிலேயே உடை மாற்றிக்கொண்டுதான் உள்ளே நுழைவாள். அவர் முன்னறையில் படுப்பார். அவள், மெல்பர்னுக்கு வேலைக்குப் போய்விட்ட மகன் ஷர்வினின் அறையில் படுப்பாள். தட்டு வேறு, டம்ளர் வேறு, துண்டு வேறு. ஹாலில் டிவி பார்க்கும்போது ஜன்னலைத் திறந்து வைத்து, சோபாவின் இந்தக் கோடிக்கு ஒருவரும் அந்தக் கோடிக்கு ஒருவருமாக முகமூடியோடு உட்கார்ந்திருப்பார்கள். சண்டை போட்டால்கூட இரண்டு மீட்டர் தள்ளி நின்றுதான்.

முதல் நாள் சாப்பாட்டு மேசையில் அவருக்கு எதிரே அமர்ந்தபோது தனபாலன் சோற்றைப் பிசையாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னாங்க?"

"மேலுதட்டுக்கிட்ட ஒரு மரு வந்திருக்கு."

"அது வந்து ஒரு வருஷம் ஆச்சி."

"எனக்கு இன்னைக்கித்தானே லா தெரியுது."

அவளுக்கு வெட்கம் வந்தது. ஐம்பத்தைந்து வயதில் வெட்கம் வந்ததே என்று அதற்கும் சேர்த்து வெட்கப்பட்டாள். அன்று முதல் காலையில் பசியாறுவது ஒன்றாக, உருளைக்கிழங்கைப் பொட்டாசியம் போக இரண்டு தண்ணீர் வடித்து அவிப்பது ஒன்றாக, மிளகாய் அரைத்த சம்பலுக்கு நெத்திலியை உப்புப் போக மூன்று முறை அலசுவது ஒன்றாக என்று ஆகிப்போனது. முன்னறைக் கட்டிலில் தன் பழைய பக்கத்துக்குத் திரும்பினாள். ஊசி குத்துவதற்காக அவருடைய இடது கையில் ரத்தக்குழாயை இணைத்து வைத்திருந்தார்கள். அந்த இடத்தில் காதை வைத்தால் ர்ர்ர் என்று ரத்தம் ஓடும் சத்தம் கேட்கும். அந்தக் கையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்கினாள். ஷர்வின் போனில் கூப்பிட்டு, "அம்மா, பீ கேர்ஃபுல், ஓகே? இட்ஸ் நாட் அ கேரண்டி" என்று சொன்னான். "ஆமா, நீ டாக்டர்" என்றாள். அவன் கட்டடப் பொறியாளன்.

இப்படி ஆறேழு வாரம் போனது. ஒரு வார்த்தையில் சொல்வதானால், அவள் சந்தோஷமாக இருந்தாள்.

ஜூலை முதல் வாரம் மழை பிடித்தது. மூன்று நாளாக விடவில்லை. ஹாக்ஸ்பரி ஆற்றுப் பக்கமெல்லாம் வெள்ளம், ரோடுகளை அடைத்துவிட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நாகலட்சுமியிடமிருந்து செய்தி வந்தது. வாசுதேவன் போய்விட்டார்.

வாசுதேவன் டயலிசிஸில் தனபாலனுக்குப் பக்கத்து நாற்காலி. திருச்சிக்காரர், கணக்காளர், கிரிக்கெட் பைத்தியம். இறந்தவர்களிடமிருந்து கிடைக்கும் சிறுநீரகத்துக்காக ஆறு வருஷமாக வரிசையில் நின்றார். மனைவி நாகலட்சுமிக்குச் சர்க்கரை வியாதி, கொடுக்க முடியாது. கொரோனா வந்ததிலிருந்து துணைக்கு வருபவர்களை நிலையத்துக்குள் விடுவதில்லை. அதனால் இரண்டு மனைவிமாரும் கார் பார்க்கில், பக்கத்துப் பக்கத்தில் நிறுத்திய அவரவர் காடியில் உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கிவிட்டு ஐந்து மணி நேரம் பேசுவார்கள். இந்த ஜன்னலிலிருந்து அந்த ஜன்னலுக்குச் சம்பல் போகும். அந்த ஜன்னலிலிருந்து புளியோதரை வரும். புருஷன்மாரைப் பற்றிப் பேசிச் சிரித்ததில்தான் அந்த இரண்டு வருஷத்தை இருவரும் தள்ளினார்கள்.

திங்கட்கிழமை தனபாலனை நிலையத்தில் இறக்கிவிடும்போது அவர் காடியை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். மழை கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தது.

"இன்னைக்கிப் பக்கத்துல வேற யாராச்சும் உக்காந்திருப்பாங்க" என்றார்.

"நெனைக்காதீங்க."

"நீ போயி லட்சுமியப் பாத்துட்டு வந்துரு. கல்யாணம் காச்சின்னா போவாம இருக்கலாம். இதுக்கு இருக்க முடியாது."

"மாஸ்க் போட்டுட்டுத்தான் போறேன்."

"ஒனக்குத்தான் இன்னும் நாலு வாரம் பாக்கி இருக்குல்ல" என்றபடி இறங்கிப் போனார்.

துங்காபியில் நாகலட்சுமியின் வீட்டு வாசலில் ஈரக் குடைகள் குவிந்து கிடந்தன. உள்ளே பத்துப் பதினைந்து பேர். உடல் ஆஸ்பத்திரிப் பிணவறையில் இருந்தது. தகனம் வியாழனோ வெள்ளியோ. ஹீட்டர் போட்டு ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். கம்பளத்தில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்த நாகலட்சுமி இவளைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. செல்வராணி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ராணி அக்கா, நேத்து காலைல காபி போட்டுக் கொண்டுபோய்க் கதவுக்கு வெளியில வச்சேன்" என்றாள் நாகலட்சுமி. அவளுக்கு அழுகை வரவில்லை, பேச்சு மட்டும் வந்தது. "எப்பவும் நான் இந்தப் பக்கம் வந்தப்புறம் கதவைத் தொறந்து எடுத்துக்குவாரு. எடுக்கல. தூங்குறாருன்னு நெனச்சு நான் பாட்டுக்குத் துணி மடிச்சிட்டிருந்தேன். ஒரு மணி நேரம் அக்கா. ஒரு மணி நேரம் துணி மடிச்சிருக்கேன்."

"நீ என்னம்மா பண்ணுவ?"

"ரெண்டு வருஷமா அவரு அந்த ரூம், நான் இந்த ரூம். கை புடிச்சதில்ல. எதுக்குப் பயந்தோமோ அது கடைசி வரைக்கும் வரவே இல்ல. வேற என்னமோ வந்து தூக்கிட்டுப் போயிருச்சு. எதுக்குக்கா தனித்தனியா படுத்தோம்?"

ஆறேழு வாரமாகத் தன் புருஷனின் கையைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறவளுக்கு அந்தக் கேள்வியின் முன்னால் உட்கார்ந்திருக்கவே கூசியது. முகமூடி போட்ட முகத்தை வைத்துக்கொண்டு ஒரு தாலியறுத்தவளைக் கட்டி அழுவது எப்படி? செல்வராணி முகமூடியைக் கழற்றிக் கைப்பைக்குள் திணித்தாள். எனக்கு ஒன்றும் வராது, நான் போட்டு இறங்கினவள் என்று நினைத்தாள். நாகலட்சுமியை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. கன்னத்தோடு கன்னம் வைத்து இருவரும் வாய்விட்டு அழுதார்கள். சுற்றியிருந்த பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். நெடுநேரம் ஆயிற்று ஓய.

திரும்பி வந்தவள் துக்க வீட்டுக்குப் போய்வந்த முறைப்படி வீட்டுக்குள் கால் வைக்காமல் நேரே கிரானி ஃப்ளாட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்தாள். போட்டிருந்த சேலையை நனைத்துப் போட்டாள். ஒன்றும் குறை வைக்கவில்லை. பிறகு போய்ப் புருஷனை அழைத்து வந்தாள். அன்றைக்கும் அவர் பக்கத்தில்தான் படுத்தாள்.

வியாழக்கிழமை காலை உருளைக்கிழங்கைத் தோல் சீவிக்கொண்டிருந்தபோது தொண்டையில் என்னவோ உறுத்தியது. மழையில் நனைந்ததாக இருக்கும் என்று இஞ்சி தட்டிப் போட்டுக் குடித்தாள். இஞ்சியின் வாசனை வரவில்லை. டப்பாவிலிருந்து பரிசோதனைக் குச்சியை எடுத்துக்கொண்டு, புருஷனிடம் ஒன்றும் சொல்லாமல், கொல்லைக் கதவு வழியாகக் கிரானி ஃப்ளாட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டாவது கோடு பதினைந்து நிமிஷம் காத்திருக்கவில்லை. உடனே வந்தது.

அங்கிருந்தே முதலில் யோகாவைக் கூப்பிட்டாள்.

"எப்பிடியம்மா வரும்? எனக்குத்தான் மே மாசம் வந்து போயிருச்சே! பன்னெண்டு வாரம்னு நீதானே சொன்ன?"

"அன்ரி, ஓம், அப்ப அப்பிடித்தான் சொன்னவை. இப்ப புது வேரியண்ட் வந்திட்டுது. நாலு கிழமையிலயே திருப்பி வருது. அந்த பன்னிரண்டு கிழமைய நாலாக் குறைக்கப் போயினமாம். இந்தக் கிழமை அறிவிப்பினம் எண்டு கதை."

"நாலா?"

"நாலு எண்டதும் ஒரு கணக்குக்குத்தான் அன்ரி. ஆருக்கு எவ்வளவு நாள் காக்கும் எண்டு ஒருத்தராலயும் சொல்லேலாது. ஒருத்தருக்கு ஆறு மாசம் நிக்கும், இன்னொருத்தருக்கு ஆறு கிழமை. உங்கட உடம்பு கலண்டர் பாக்காது தானே."

செல்வராணி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"இருபத்தொன்னாந் தேதி?"

"செய்யேலாது அன்ரி. ஏழெட்டுக் கிழமை விடவேணும். நான் சேர்ஜனோட கதைச்சிட்டுச் சொல்லுறன். இப்ப முக்கியம் அங்கிள். அவருக்கு வந்திடக்கூடாது. அவரிட்ட மூண்டு நாளாக் கிட்ட இருந்தனீங்களோ?"

மூன்று நாள் அல்ல, ஏழு வாரம். செல்வராணி போனை வைத்தாள்.

அடுத்த பத்து நாளும் அவள் உயிர் அவள் கையில் இல்லை. தன் காய்ச்சலை அவள் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. தனபாலன் காலையில் எழுந்ததும் பரிசோதனை செய்து, அந்தக் குச்சியைக் கொல்லைப்புறக் கண்ணாடிக் கதவில் ஒட்டினாற்போலப் பிடித்துக் காட்டவேண்டும். துணி காயப்போடும் கம்பிக்கு இந்தப் பக்கம், கிரானி ஃப்ளாட் ஜன்னலிலிருந்து அவள் பார்ப்பாள். தூரத்தில் கோடு தெரியாது. ஆகவே அவர் ஒரு விரலைக் காட்டுவார். ஒரு கோடு. அதைப் பார்த்த பிறகுதான் அவள் பல் துலக்கப் போவாள். டயலிசிஸுக்கு அவரை ஒரு வேன் வந்து கூட்டிப்போனது. தனி அறையில் போட்டார்கள். திரும்பி வரும்போது அவர் நடையில் தெரியும் சோர்வை ஜன்னலில் நின்று பார்ப்பாள். பெரும் காட்டைத் தாண்டிப் போகவேண்டியது மாதிரி அந்தப் பத்தடிக் கொல்லையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கூப்பிடு தூரம்தான், ஆனாலும் போனில்தான் பேசிக்கொண்டார்கள்.

இரண்டாம் நாள் நாகலட்சுமி கூப்பிட்டாள். அவளுக்கும் வந்திருந்தது. புருஷனின் தகனத்தை அவள் படுக்கையில் இருந்தபடி போனில்தான் பார்த்தாள். "நான்தான் உங்களுக்குக் குடுத்துட்டேன் அக்கா. அண்ணன் ஆப்பரேஷன நான்தான் கெடுத்துட்டேன்" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். "யாரு குடுத்தா, யாரு வாங்குனான்னு யாருக்குத் தெரியும்? நீ மருந்தச் சாப்புட்டியா?" என்று அதட்டி வைத்தாள் செல்வராணி. அன்று ராத்திரி இதைப் புருஷனிடம் சொல்லும்போது அவர் கேட்டார்.

"மாஸ்க் போட்டிருந்தியா?"

பொய் சொல்லியிருக்கலாம். "கழட்டினேன். கட்டிப் புடிச்சி அழுதேன். எனக்கு வராதுன்னு நெனச்சிட்டேங்க. அம்மை மாதிரின்னு நெனச்சிட்டேன்."

கண்ணாடிக்குப் பின்னால் அவர் போனைக் காதில் வைத்தபடி நின்றிருந்தார். திட்டட்டும் என்று காத்திருந்தாள். திட்டினால் தேவலாம் போலிருந்தது.

"கழட்டாம இருந்திருந்தாத்தான் எனக்குக் கோவம் வந்திருக்கும்" என்றார். பிறகு, "ராணி, இந்த ஆப்பரேஷன் வேணாம்னு சொல்லிருவோமா?" என்றார்.

"என்னா பேச்சு இது?"

"ரெண்டு தடவ தள்ளிப் போச்சி. மூனாவது தடவ போவாதுன்னு யாரு சொன்னா? வாசு ஆறு வருஷம் காத்துக் கெடந்தான். ஜாக்கிரத, ஜாக்கிரதன்னு பொண்டாட்டி கையக்கூடத் தொடாம. என்னா கெடச்சிச்சி? எனக்கு மெஷின் போதும் லா. அஞ்சு வருஷமோ, மூனு வருஷமோ. நீ பக்கத்துல இரு. அந்த ஏழு வாரம் மாதிரி இருந்துட்டுப் போயிருவோம்."

இருமல் வந்ததாகச் சொல்லிச் செல்வராணி போனை வைத்துவிட்டாள். அந்த அறையில் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. தலைமாட்டில் அந்த ர்ர்ர் சத்தம் இல்லை. அவர் கேட்டதுதான் அவளுக்கும் வேண்டும். உடம்பில் ஒவ்வொரு அணுவுக்கும் அதுதான் வேண்டும். இப்போதே எழுந்து பத்தடி நடந்து போய் அவர் பக்கத்தில் படுத்துவிடவேண்டும் போலிருந்தது. தடுப்பதற்கு யாரும் இல்லை. அதுதான் பெரிய கஷ்டமாக இருந்தது.

மூன்றாம் நாள், நான்காம் நாள், ஏழாம் நாள் என்று அவர் ஒரு விரலையே காட்டினார். ஏழு வாரம் ஒரே கட்டிலில் படுத்தும், கடைசி மூன்று நாள் நோயோடு படுத்தும், அவருக்கு ஏன் ஒட்டவில்லை என்று யோகாவுக்கும் தெரியவில்லை, டாக்டருக்கும் தெரியவில்லை. நான்கு தடுப்பூசி போட்டிருந்தது காரணமாக இருக்கலாம், அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம் என்றார்கள். ஒருமுறை வந்த இவளுக்கு மறுபடி வந்தது. வரவே வராத அவர், பக்கத்தில் படுத்தும் தப்பினார். இந்தச் சீக்கின் நியாயம் செல்வராணிக்கு விளங்கவில்லை. யாருக்கும் விளங்கவில்லை என்பது மட்டும் விளங்கியது.

பதினைந்தாம் தேதி யோகா புது நாள் சொன்னாள். செப்டம்பர் எட்டு.

"அன்ரி, ஒண்டு சொல்லவேணும். நீங்கள் ரெண்டு பேரும் ஒரு வீட்டில இருக்கிறபடியா ஒராளுக்கு வந்தா மற்றாளுக்கும் வரும். ஒப்பரேசனுக்கு முதல் ரெண்டு கிழமை எண்டாலும் கவனமா இருக்கப் பாருங்கோ. நான் கட்டாயப்படுத்தேல்ல. இது விதியில்லை."

"ரெண்டு வாரம் போதுமாம்மா?"

"போதும் எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?" என்றாள் யோகா. இந்த முறை அவள் எந்த எண்ணையும் சொல்லவில்லை.

பதினேழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. மழை விட்டு மேற்கிலிருந்து குளிர்காற்று அடித்தது. நல்ல வெயில், ஆனால் உறைக்காத வெயில். செல்வராணியின் குச்சியில் ஒரே ஒரு கோடு. போனில் சொன்னதும் தனபாலன் சின்னப் பிள்ளை மாதிரி கத்தினார்.

"சமைச்சிட்டேன்! நான் சமைச்சிட்டேன்! பன்னெண்டு மணிக்கி வந்துரு."

அவளுக்கென்று அவர் வாழ்நாளில் சமைத்தது அதுதான் முதல் முறை. நெத்திலியை அவரே மூன்று முறை அலசியிருந்தார். உருளைக்கிழங்கை இரண்டு தண்ணீர் வடித்து, தோலுரித்து வைத்திருந்தார். மேசையில் இரண்டு தட்டு. பன்னிரண்டு மணிக்கு அவள் தலைவாரி, நல்ல உடை உடுத்தி, முகமூடியோடு கொல்லையைக் கடந்து வந்தாள். அவர் கண்ணாடிக் கதவை முழுக்க இழுத்துத் திறந்துவிட்டு வழிவிட்டு நின்றார். அவள் வெளியே, படிக்குக் கீழேயே நின்றாள்.

"வா லா. குளுருது."

"இல்லங்க."

"என்னா இல்ல? நெகட்டிவ் தானே?"

"நெகட்டிவ்தான். வேலைக்கி லீவு சொல்லிட்டேன். செப்டம்பர் எட்டு வரைக்கும் நான் அங்கயே இருந்துக்கறேன். எங்கயும் போவ மாட்டேன். யாரு வீட்டுக்கும், எதுக்கும்."

அவர் முகம் தொங்கிப்போனது.

"யோகா ரெண்டு வாரம்னுதானே சொன்னா? நீ எதுக்கு ஏழு வாரம்ங்கற?"

"பன்னெண்டுன்னு சொன்னாங்க, எட்டுல வந்துச்சி. இப்ப நாலுன்றாங்க. இனிமே எந்த நம்பரையும் நம்பி உங்க பக்கத்துல வர எனக்குத் தைரியம் இல்லங்க."

"ஏழு வாரம், ராணி" என்றார். "அதுக்குள்ள எனக்கு ஏதாச்சும் ஆயிருச்சின்னா? நீ அங்கிட்டும் நான் இங்கிட்டும் கெடந்து, வாசு மாதிரி... லட்சுமி கேட்டாளாமே, எதுக்குத் தனித்தனியா படுத்தோம்னு. நாளைக்கி நீ என்னா சொல்லுவ?"

அதுதான் கேள்வி. பத்து நாளாக அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. காற்று அவள் கண்ணில் தண்ணீரை வரவழைத்தது. காற்றின் மேல் பழி போட்டுப் பயனில்லை, அவள் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

"அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. லட்சுமிக்கும் இல்ல. நான் லட்சுமிய மாதிரிதான் அழுவேன், அவ்ளோதான்." மூக்கை உறிஞ்சினாள். "ஆனா ஒன்னு சொல்றேன், கேட்டுக்குங்க. நாம ஒன்னா இருந்த அந்த ஏழு வாரம் போதுங்கறீங்க. எனக்குப் பத்தல. உங்க கையத் தலைமாட்டுல வச்சித் தூங்கித் தூங்கி ஆசை அடங்கல, கூடிப்போச்சி. எனக்குப் பன்னெண்டு வாரம் பத்தாது. அஞ்சு வருஷம் பத்தாது. எனக்கு எழுவத்தஞ்சு வயசு ஆவும்போதும் நீங்க பக்கத்துல இருந்து எதையாச்சும் நொட்டை சொல்லிக்கிட்டு இருக்கணும். அதுக்கு என்னோடது உங்க உள்ள இருக்கணும். இந்தக் கதவு தொறந்திருந்தா நான் உள்ள வந்துருவேன். என்னால முடியாதுங்க. வந்துருவேன்."

தனபாலன் மேசையருகே போனார். ஒரு தட்டில் சோறு வைத்து, உருளைக்கிழங்கு வைத்து, சம்பலைக் கொஞ்சம் அதிகமாகவே வைத்தார். வாசலுக்கு வந்து கையை எட்டி நீட்டினார். அவளும் கையை எட்டி நீட்டி வாங்கிக்கொண்டாள். விரல் படவில்லை.

பிறகு அவர் கதவின் பிடியில் கை வைத்தார். அவள் சாத்தச் சொல்லிக் கேட்கவில்லை, அவரே இழுத்துச் சாத்தினார். பூட்டைத் திருகினார். விழுந்ததா என்று ஒருமுறை இழுத்தும் பார்த்தார். அப்புறம் ஒரு நாற்காலியைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, தன் தட்டை மடியில் வைத்து உட்கார்ந்தார். அவள் படியில் அமர்ந்து, முகமூடியைக் கழற்றி, முதல் கவளத்தை வாயில் வைக்கும் வரை சோற்றைத் தொடாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.